உத்தரவாதப் பரணி

மகனே, நீயும் உனக்கு வாய்க்கப் போகிறவளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று பத்மநாபசுவாமி கோவில் நடையில் சொல்லிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இன்று சனிக்கிழமை. இதற்குள் மூன்று தடவை எழுத ஆரம்பித்து, மூன்று தடவையும் அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கிறது என்று எழுந்து ஓடினேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்று உனக்குத் தெரியும். உன் அப்பாவின் நாடக நோட்டீஸை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். முதலில் வாசித்த வார்த்தையே ‘ஹாஸ்யம்’. வீட்டுக் கணக்கையும் கோவில் நேர்ச்சைகளையும் தவிர வேறு எதையும் இவ்வளவு நீளமாக எழுதிப் பழக்கமில்லை. முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள். படித்து முடித்ததும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதே. உன் மாமனார் வீட்டில் எல்லோரும் கேட்கும்படி படித்துக் காட்டு. அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

தபால்காரர் வந்தபோது அப்பா புறவாசலில் ஒரு உருளியில் தண்ணீர் வைத்து, அதில் தீப்பெட்டிகளை ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். மேலே ஒட்டியிருக்கும் படம் கிழியாமல் வர வேண்டுமாம். கை ஈரமாக இருந்ததால் “நீயே படி” என்றார். நாகர்கோவிலில் பெண் வீட்டிலேயே கல்யாணம், பந்தலுக்கு நானூறு பேராவது வருவார்கள், பெண்ணின் தகப்பனாரும் உன்னைப்போலவே அந்தப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர், இதெல்லாம் சத்தமாகப் படித்தேன். பிறகு அந்த வரி வந்தது. ‘அப்பா வரட்டும். ஆனால் சபையில் எழுந்து ஒன்றும் பேச வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்லி வைக்க வேண்டும். அந்தப் பரணித் தமாஷைப் பெண் வீட்டில் யாரும் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.’ நான் ஒரு முறை இருமிவிட்டு, ‘அப்பாவின் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்’ என்று படித்தேன். முப்பது வருஷம் நாடகக்காரரோடு குடித்தனம் நடத்தியதில் நான் நடித்தது அந்த ஒரு தடவைதான். அவர் நம்பிவிட்டார்.

“ஏட்டி, நெசமாவே நானூறுன்னா எழுதியிருக்கான்?” என்றார்.

“ஆமா. நானூறு எலை போடணும்னு எழுதியிருக்கான்.”

“கொள்ளாம், நல்லதாப் போச்சு. வயிறு நெறைஞ்சவன் சிரிப்பு தனியாக்கும்.”

“மாப்பிள்ளைக்கு அப்பன் சம்பந்தி வீட்டுப் பந்தல்ல கோமாளி வேஷம் போட்டா நல்லாவா இருக்கும்?” என்று மெல்லப் போட்டுப் பார்த்தேன்.

“வேஷம் யாரு போடுகா? வேட்டியும் நேரியதும் கட்டிக்கிட்டு, சும்மா நாலு வார்த்தை. எனக்க மவன் கல்யாணத்துல நான் பேசாம வேற எவன் பேசுவான்?”

அன்று முதல் நேற்றுவரை வீட்டில் ஒத்திகைதான். ஊறவைத்து எடுத்த தீப்பெட்டிப் படங்களை உள்சுவரில் வரிசையாக ஒட்டிவைத்திருக்கிறார். முன்வரிசையில் யானை, மயில், குடை பிடித்த ஜப்பான்காரி. பின்வரிசையில் சிங்கங்கள்; “பின்னால இருக்கவனுக்குக் கேக்கணும்லா” என்று அவற்றைப் பார்த்துக் குரலை உயர்த்துவார். ஒரு தமாஷ் முடிந்ததும் சபை சிரித்து ஓய்கிற நேரம்வரை சும்மா நிற்பார். பிறகு அடுத்ததற்குப் போவார். நான் அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டு அந்தச் சும்மா நிற்கிற நேரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ராமநாமம் சொல்லிக்கொண்டே நறுக்கினாலும் எங்கே விட்டேன் என்று மறந்துபோகும்.

நாடகத்துக்குக் கூட்டம் குறைந்த கதை உனக்கு முழுக்கத் தெரியாது. நீ கோயம்புத்தூருக்குப் போனபிறகுதான் ரொம்பக் குறைந்தது. ஆரியசாலை வியாபாரிகள் வருஷாவருஷம் போடும் பந்தலில் ஒரு காலத்தில் அப்பா திரைக்கு வெளியே காலை மட்டும் நீட்டுவார், சபை சிரிக்கத் தொடங்கிவிடும். பெண்கள் பக்கத்திலிருந்து தலைகளை எண்ணுகிற பழக்கம் எனக்கு உண்டு. அன்றெல்லாம் எண்ணி முடியாது. போன பங்குனியில் நாற்பத்திரண்டு பேர். அதில் ஏழு பேர் பந்தல்காரர்கள், எப்போது முடியும், எப்போது பிரிக்கலாம் என்று மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. “ஏட்டி, அழுகதுக்கு ஒருத்தன் போதும். சிரிக்கதுக்கு ஆளு வேணும். தனியா இருக்கவன் பக்கத்துல பாப்பான். பக்கத்துல ஆளில்லேன்னா சிரிப்ப முழுங்கிருவான்” என்றார். சனமெல்லாம் டாக்கிப் படத்துக்குப் போகிறது என்று கேட்டு, கடைசியில் ஒருநாள் அவரே அதைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து நெடுநேரம் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். “அதுல வாறவனும் கெட்டிக்காரன்தான். ஆனா ஒண்ணு பாத்தேன். சனம் சிரிச்சு முடிக்கதுக்குள்ள அவன் அடுத்த பேச்சுக்குப் போயிருகான். எதிர்ல ஆள் இருக்கா இல்லியான்னு அவனுக்குத் தெரியாதுல்லா” என்றார். பொறாமையில் சொன்னதல்ல. அந்த நடிகருக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார்.

வேலை இல்லாத கைக்கு இப்போது தீப்பெட்டிப் படம். உன் அப்பாவின் அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் தராசு பிடித்தவர். கடைக்குப் பின்னால் ஓடையில் கிடக்கும் சீமைத் தீப்பெட்டிகளைச் சிறுவயதில் உன் அப்பா பொறுக்கிவந்து படத்தை உரித்து வைப்பாராம். யானைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல் என்று பேசவிட்டு, மூட்டை சுமக்கிறவர்களைச் சிரிக்கவைப்பாராம். உருப்படாத வேலை என்று அவருடைய அப்பா ஒருநாள் அத்தனையையும் அடுப்பில் போட்டுவிட்டார். இப்போது ஐம்பத்தொரு வயதில், எரிந்துபோன அதே படங்களைத் தேடிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறார். “ரெட்டைத் தலைக் கழுகு மட்டும் இன்னும் கிட்டல்லே” என்று நேற்றுமுன்தினம்கூடச் சொன்னார். உனக்குச் சின்ன வயதில் நாடக நோட்டீஸ் பைத்தியம். மாட்டு வண்டியில் தம்பட்டம் அடித்துக்கொண்டு நோட்டீஸ் வீசிப்போனால் வண்டிக்குப் பின்னாலேயே அட்டக்குளங்கரை வரை ஓடுவாய். “வீட்டுலதான் கட்டுக்கட்டா கெடக்கே, எதுக்குலே ஓடுகா?” என்று அப்பா கேட்டதற்கு, “வீட்டுல கெடக்கது சும்மா. தெருவுல விழுந்தாத்தான் அது நோட்டீஸ்” என்று நீ சொன்னாய். அவர் அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். பிறகு நீயே தெருவில் நோட்டீஸ் கொடுக்கிறவனாக ஆனாய். அந்த நோட்டீஸில் ஹாஸ்யம் இல்லை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், போராட்டம் நடந்த நாட்களில் ஒரு மத்தியானம் நான் உப்புமாங்காய்ப் பரணியைத் துணிமேல் வைத்து, அடியில் எங்கே கசிகிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக வாங்கிய சீனப் பரணி, ஊறுகாய் போடுகிற பீங்கான் ஜாடி. நீ சட்டையெல்லாம் வேர்வையோடு வந்து, அடுக்களை வாசலில் நின்றபடியே ஒரு செம்பு மோர் குடித்துவிட்டு, “அம்மா, இனி இந்த ராஜ்யத்துக்கு வேண்டியது உத்தரவாத பரணம்தான்” என்று சொல்லிவிட்டுப் போனாய். கூட்டத்தில் மலையாளத்தில் கேட்டதை அப்படியே சொன்னாய். ஜனங்களுக்குப் பொறுப்பேற்றுப் பதில் சொல்கிற ஆட்சி என்று அதற்கு அர்த்தம். எனக்கு எங்கே தெரியும்? நம் வீட்டுத் தமிழில் உத்தரவாதம் என்றால் கடைக்காரன் சாமானுக்குச் சொல்வது. கையில் இருந்ததோ பரணி. காதில் விழுந்ததும் பரணிதான். அப்பா சாப்பிட வந்தபோது சொன்னேன்.

“உங்க மவன் பரணி கேக்கான். உத்தரவாதத்தோட வேணுமாம்.”

“என்ன பரணி?”

“அதான், ஊர்வலம் போயிக் கேக்காவளே, உத்தரவாதப் பரணி.”

அவருக்குச் சோறு மூக்கில் ஏறிவிட்டது. தலையைத் தட்டிவிட்டேன். “ஏட்டி, அது பரணி இல்லே. பரணம். ஆட்சி” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அதுவரை நடந்தது காது செய்த தப்பு. அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்று காலை கோவிலில் ஒருத்தி, ஊர்வலத்தில் பையன்களுக்குத் தலையில் அடிபட்டது என்று சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். பயந்தால் சிலருக்கு அழுகை வரும். எனக்கு வாய் நீளும். “ரெண்டும் ஒண்ணுதான்” என்றேன். “ஒழுகாதுன்னு உத்தரவாதம் சொல்லிச் சாலைக் கடைக்காரன் தந்த பரணி மூணாம் நாளு ஒழுகுது. அதையாவது தூக்கிட்டுப் போயி அவன் முன்னால வைக்கலாம். சர்க்கார் பரணி ஒழுகினா எந்தக் கடையில கொண்டு வைப்பாவளாம்?”

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இத நான் எடுத்துக்கிடட்டா?” என்று கேட்டார். அவர் தமாஷை யார் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள், ஒருவரும் கேட்டதில்லை. அவர் என்னிடம் கேட்டார். “எடுத்துக்கிடுங்க” என்றேன். ஊரெல்லாம் சிரித்தால் உங்கள் கூட்டம் தானாகக் கலைந்துவிடும், நீ தலை உடையாமல் வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். தெரிந்துதான் கொடுத்தேன், மகனே.

அந்த வாரமே பந்தலில் அதைச் சொன்னார், நான் சொன்ன வார்த்தைகளை ஒன்றுகூட மாற்றாமல். பந்தல் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவள் சிரிப்புத் தாங்காமல் என் தொடையில் அடித்து, “இவருக்கு எங்கருந்துதான் வருமோ” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. இருபத்தைந்து வருஷமாகப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதற்குச் சிரித்தவள், அன்று அத்தனை பேரும் என் பேச்சுக்குச் சிரிப்பதைக் கேட்டேன். சன்னிதியில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அதே சாயங்காலம்தான் ஊரின் மறுபக்கத்தில் உன்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து நீ வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்பாவுக்கு முன்னால் நின்று, “நான் உள்ள போன ஒரு வாரத்துல உங்க தமாஷும் அங்க வந்திட்டு” என்றாய். “கஞ்சி ஊத்துக போலீஸ்காரன் தெனமும் கேட்டான், ‘எந்தா மோனே, பரணி கிட்டியோ’ன்னு. கூட இருந்தவனெல்லாம் என்னைப் பாப்பான், ஒனக்க அப்பன்தானேன்னு. அடி எனக்கு வலிக்கல்லேப்பா.” அப்பா ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கருப்பட்டிக் காப்பியோடு அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் கண்ணை எடுத்துக்கொண்டார். “தப்புதான் மக்ளே” என்றார். நான் முன்னால் வந்து உன் கையில் காப்பியைக் கொடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். நாலாம் நாள் நீ கோயம்புத்தூருக்கு ரயிலேறினாய். இந்த மூன்று வருஷமாகக் கடிதமெல்லாம் என் பெயருக்கு வருகிறது. பத்மநாபசுவாமியிடம் தினமும் இதைச் சொன்னேன். அவர் படுத்தபடியே கேட்டுக்கொண்டார். மகனிடம் போய்ச் சொல் என்று அவரும் சொல்லவில்லை, சொல்லிவிடுவாரோ என்று நானும் அதிகநேரம் நிற்கவில்லை.

அப்பா அன்றோடு அந்தத் தமாஷை விட்டுவிட்டார். உனக்கு இது தெரியாது. போராட்டத்துப் பக்கம் இருந்தவர்கள் அவர் சொன்னதற்காக வராமல் போனார்கள். மறுபக்கத்தார் அவர் அதைத் திரும்பச் சொல்லாததற்காக வராமல் போனார்கள். டாக்கி பாதி என்றால் இது பாதி. போனக்காட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நம் தமிழ் ஆட்களுக்கு நாடகம் போடக் கூப்பிட்டிருந்தார்கள். அத்தனை பேரும் மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். திரை தூக்கும் முன் ஒரு கணக்கப்பிள்ளை வந்து, “அண்ணாச்சி, அந்தப் பரணிய மட்டும் விட்டுராதீங்க. இவனுகளுக்கும் கூட்டம் கூடிப் பேசுக புத்தி வருது. கேட்டுச் சிரிச்சிட்டா அடங்கிருவானுக” என்றாராம். அப்பா, “அது ஒடைஞ்சு போச்சுவே” என்றாராம். கணக்கப்பிள்ளை விடவில்லை. அப்பா முகத்து மாவைத் துடைத்துவிட்டு, நாடகமும் வேண்டாம் என்று மலையிறங்கிவிட்டார். கூடப்போன மிருதங்கக்காரர் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். அவர் வீட்டில் சொன்னது, “அங்க நல்ல மழை” என்று மட்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கல்யாணம் என்பதால் சொல்கிறேன். உன் பெண்டாட்டி சொன்ன பேச்சு சபையில் பெயர் வாங்கினால், அது அவள் சொன்னது என்று அங்கேயே சொல்லிவிடு. பழி வந்தாலும் அவளே சொல்லட்டும் என்று விலகி நில். உன் அப்பா எனக்காக அதைச் சுமந்தார், நானும் சுமக்கவிட்டேன், இரண்டு பேருக்கும் அது நல்லதாக முடியவில்லை. உங்கள் போராட்டத்தைப் பற்றி எனக்கு இப்போதும் பாதிதான் புரிகிறது. ஆனால் இன்று உனக்குப் பின்னால் வருகிற கூட்டம் ஒருநாள் குறையும். அன்று நீ நாற்பது பேருக்கு முன்னால் நானூறு பேருக்குப் பேசியதுபோலவே பேச வேண்டியிருக்கும். அது எப்படி என்று கேட்க உனக்கு நம் வீட்டிலேயே ஓர் ஆள் இருக்கிறார்.

நேற்று மத்தியானம் பொறுக்க முடியாமல், உன் கடிதத்தில் நான் விட்ட வரியைக் காட்டிவிட்டேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “கையெழுத்து கொள்ளாம். முன்னைக்கு நல்லா வந்திருக்கு” என்றார். பிறகு, “சரி, பேசல்லே” என்றார். நான், “அது எனக்க தமாஷுன்னு அவனுக்கு எழுதப்போறேன்” என்றேன்.

“எழுதாத.”

“ஏன்?”

“எனக்கு ஆயிரம் பேரு எதிர்ல நின்னு கூவிப் பழக்கம். கூட ஒருத்தன் சேந்தா என்ன? ஒனக்க மேல கோவப்பட்டா அவன் பின்ன எங்க போவான்?”

இவ்வளவு நாளும் அவர் வாய் திறக்காததற்குக் காரணம் அதுதான் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்திருந்தேன். அவர் காப்பாற்றியது உன்னை. உனக்கு வந்துநிற்க ஒரு வாசல் மிச்சம் இருக்கட்டும் என்று. இன்று காலையிலிருந்து ஒத்திகை இல்லை. சுவரைப் பார்க்காமல் குளிக்கப் போனார், சாப்பிட்டார், முற்றத்தில் நடக்கிறார். இவ்வளவு அமைதி இந்த வீட்டுக்கு ஆகாது.

அவர் சொன்னதைக் கேட்காமல் எழுதிவிட்டேன். அவர் கையில் கொடுத்தால் இது தபாலுக்குப் போகாது என்பதால் நானே நடந்துபோய்ப் போடப்போகிறேன். அந்தப் பரணி என்னுடையது என்று உன் மாமனார் வீட்டில் தெரியட்டும். அவர்கள் யாரையாவது பேசாமல் உட்காரச் சொல்ல வேண்டும் என்றால், என்னைச் சொல்லட்டும். பெண்கள் பக்கத்தில் ஒரு மூலை போதும், எனக்குப் பழக்கம்தான். பந்தலில் அவர் பேசலாமா கூடாதா என்பதை மட்டும் என்மூலமாகச் சொல்லி அனுப்பாதே. உறைமேல் அவர் பெயரை எழுதி அவருக்கே எழுது, அது எந்தப் பதிலாக இருந்தாலும் சரி. என்மேல் கோபம் வரும். வந்தால் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒரு நாள் புறப்பட்டு வந்துவிடு. வந்து, அன்று அவரிடம் கேட்டதுபோல, செருப்பைக் கழற்றாமல் நின்று என்னைக் கேள். எவ்வளவு நேரம் ஆனாலும் நின்று கேட்கிறேன். இந்தத் தடவை காப்பி கொண்டுவர உள்ளே போக மாட்டேன்.

உன் அம்மா